கொப்பு அரைக்கிற மிஷின் வாங்குமுன்

எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற தொழில். சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில் கடை. கிணற்று மோட்டார், கிரைண்டர், மிக்சி, ஃபேன் என்று வந்துகொண்டிருந்த வரிசையில் கொஞ்ச காலமாகப் புதுசாக ஒன்றும் வருகிறது: தோட்டத்துக் கொப்பையும் குழையையும் போட்டு அரைக்கிற கரண்ட் மிஷின். பெட்டியில் ஷ்ரெட்டர் என்று போட்டிருக்கும். ரிப்பேருக்குத் தூக்கி வருகிறவர்கள் ஒரு பக்கம், "அண்ணாச்சி, எதை வாங்கலாம்னு சொல்லுங்க" என்று செல்போனில் படத்தை நீட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டுப் புறவாசலிலும் ஒன்று ஓடுகிறது என்பதால் கடையில் பார்த்ததோடு வீட்டில் பார்த்ததும் சேர்ந்தே வரும்.

எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை வாட்ஸ் இருந்தால் நல்லது என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது, புறவாசலில் என்ன மரம் நிற்கிறது என்று. மிஷினைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான். வேம்பு, கொய்யா, மருதாணி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, ரெண்டு முருங்கை என்றால் வீட்டு ஷ்ரெட்டர் நன்றாக உழைக்கும். தென்னையும் வாழையும் மட்டும்தான் என்றால் அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் மிஷின் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் மனதில் இருப்பது ஓலைதான். காய்க்கிற தென்னை ஒன்று வருஷத்துக்கு 12 முதல் 14 மட்டை வரை தள்ளும். நாலு மரம் நின்றால் ஐம்பது மட்டை. முன்பு அதற்கெல்லாம் ஒரு கணக்கு இருந்தது. பச்சை ஓலை கிடுகு முடைய, ஈர்க்கு வாரியலுக்கு, அடிமட்டை அடுப்புக்கு, பாளையும் பன்னாடையும் தீ மூட்ட. இப்போது கேஸ் அடுப்பும் தகரக் கூரையும் வந்த பிறகு மட்டை சுவரோரமாகச் சாய்ந்து கிடக்கிறது, அதற்குள் தேள் குடியிருக்கிறது.

ஆனால் வீட்டு ஷ்ரெட்டரின் வாய் 40, 45 மி.மீ. கனத்துக்கு மேல் எடுக்காது. அடிமட்டை ஒரு சாண் அகலம். பிளந்து போட்டாலும் உள்ளே இருக்கிற நார் பிளேடில் சுற்றும். ஓலை இலக்குகளை மட்டும் கழித்துப் போட்டால் அரைபடும், ஆனால் நடுவில் இருக்கிற ஈர்க்கு முழுசாக வெளியே வந்து விழும், இல்லையென்றால் உருளையில் சுருண்டுகொள்ளும். தென்னை மட்டையை அரைக்கவென்றே தனி மிஷின் இருக்கிறது, ஐந்து குதிரைத் திறன், த்ரீ பேஸ் என்ற கணக்கில். அது தோப்புக்காரர்களுக்கு. காசர்கோட்டில் இருக்கிற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னை ஓலையைத் தின்று உரமாக்குகிற யூட்ரிலஸ் இன மண்புழுவை வைத்து உரம் தயாரிக்கும் முறையைச் சொல்லித் தருகிறது. தோப்பு வைத்திருப்பவர்கள் அதை விசாரிக்கலாம். வீட்டில் நாலு மரம் உள்ளவர்களுக்கு எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன்: ஈர்க்கை உருவி வாரியலுக்கு, அடிமட்டையை வெந்நீர் அடுப்புக்கு, உருவிய ஓலையை அரிவாளால் நாலு துண்டாக்கித் தென்னை மூட்டிலேயே மூடாக்காகப் போடுவது. மிஷினே வேண்டாம்.

பனை மட்டை நினைத்தே பார்க்கக் கூடாது. அந்தக் கருக்கு பிளேடின் முனையைத் தின்றுவிடும். சீமை உடை என்கிற சீமைக் கருவேலமும் அப்படித்தான். கட்டை கெட்டி, முள் செருப்பையே துளைக்கும்.

சரி, கொப்பும் குழையும்தான் உங்கள் பிரச்சினை என்றால், கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை.

ஒன்று, தட்டில் இரண்டு பிளேடு வைத்து நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றை ஒட்டி வேகமாகச் சுற்றுவது. விலை குறைவு, எடை குறைவு. சருகு, குழை, விரல் கனத்துக் குச்சி எல்லாவற்றையும் பொடியாக்கித் தள்ளும். சத்தம் பயங்கரம். நீளக் குச்சியைப் போட்டால் உள்ளே பிடித்த வேகத்தில் வெளியே இருக்கிற நுனி சாட்டையாக முகத்தில் அடிக்கும். பிளேடு மழுங்கினால் அரைக்காது, மென்று துப்பும்.

இன்னொன்று, பல் வைத்த உருளை நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது சுற்று மட்டும் மெதுவாகச் சுற்றி, கொப்பை ஒரு அலுமினியத் தட்டோடு வைத்து நெரித்து நறுக்குவது. விலையும் எடையும் கூடுதல். கொப்பைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், நாம் தள்ள வேண்டியதில்லை. சிக்கினால் பின்பக்கம் சுற்ற ஒரு சுவிட்ச் இருக்கும். ஈரக் குழையை மட்டும் போட்டால் இதற்குப் பிடிக்காது, கூழாகி அடைத்துக்கொள்ளும்.

டப்பாவில் ஒலி அளவை டெசிபலில் போட்டிருப்பார்கள். மெதுவான வகை 90-ஐ ஒட்டி இருக்கும், வேகமான வகை 100-ஐத் தாண்டும். வித்தியாசம் பத்துதானே என்று நினைக்க வேண்டாம். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் மத்தியானம் வேகமான வகையை ஓட்டினால் பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்து, "என்ன, ரைஸ் மில்லு வச்சிருக்கியளா?" என்று கேட்பார். எங்கள் மதினி கேட்டார்.

இனி மோட்டார். இங்கேதான் எனக்கு நிறையப் பேச வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேகமான வகையில் பலவற்றில் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், மிக்சியில் இருக்கிற அதே இனம். மெதுவான வகையில் கண்டன்சர் வைத்த இண்டக்‌ஷன் மோட்டார், அது 2800 சுற்றில் ஓட, கியர் வைத்து வேகத்தைக் குறைத்திருப்பார்கள். பிரஷ் தேய்வது பெரிய விஷயமில்லை, மாற்றிவிடலாம். ஆர்மேச்சர் எரிந்தால்தான் செலவு. இண்டக்‌ஷன் மோட்டாரில் கெட்டுப்போவது பெரும்பாலும் கண்டன்சர். சுவிட்ச் போட்டதும் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். பழையதில் எழுதியிருக்கிற அதே அளவில் புதுசு போட வேண்டும், பெரிதாகப் போட்டால் பலம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காயிலே போனாலும் ஊரில் கட்டிவிடலாம். ரிப்பேர்க்காரன் கண்ணால் பார்த்தால் நான் இந்த இரண்டாவது இனத்துக்குத்தான் கை தூக்குவேன்.

வாட்ஸ் ஸ்டிக்கரைப் படிக்கவும் ஒரு வழி இருக்கிறது. 2500 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் எஸ்6, 40% என்று இருக்கும். நிறையப் பேர் அதை மாடல் நம்பர் என்று நினைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் நாலு நிமிடம்தான் அந்த முழு பாரத்தை மோட்டார் தாங்கும், மீதி ஆறு நிமிடம் சும்மா சுற்றி ஆற வேண்டும் என்று அர்த்தம். எஸ்1 என்று போட்டு ஒரு எண் இருந்தால் அது இடைவிடாமல் தாங்குகிற பாரம். இரண்டு மிஷினை ஒப்பிடும்போது எஸ்1-ஐ எஸ்1-ஓடு பாருங்கள். இது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாடு வரை தடித்த கொப்பாகவே திணித்தால் மோட்டார் சூடாகி நின்றுவிடும். சிவப்புப் பொத்தான் வெளியே வந்திருக்கும். ஆறவிட்டு அமுக்கினால் ஓடும். அமுக்கி அமுக்கி ஓட்டினால் என் கடைக்கு வரும்.

அப்புறம் ஒயர். முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் மிஷினைக் கொண்டு வந்தார். "வாங்கும்போது நல்லாத்தான் இழுத்துச்சு, இப்போ ஒரு வேப்பங்குச்சிக்கே திணறுது, லேசா கருகுன வாடை வேற" என்றார். திறந்து பார்த்தேன், காயிலில் வார்னிஷ் நிறம் மாறத் தொடங்கியிருந்தது, எரியவில்லை. 

"ஒயரு எவ்வளவு நீளம் டீச்சர்?"

"வராந்தாவுல இருந்து கிணத்தடி வரைக்கும் இழுத்திருக்கோம்."

"ஓடும்போது தொட்டுப் பாத்தியளா?"

"சூடாத்தான் இருந்துச்சு. வெயில்ல கிடந்ததுல்லா, அதான்னு நெனச்சேன்."

கல்யாண வீட்டில் சீரியல் பல்புக்கு இழுக்கிற ஒயர் அது. 2500 வாட்ஸ் மிஷின் 11 ஆம்பியர் இழுக்கும். 0.75 சதுர மி.மீ. ஒயரில் முப்பது மீட்டர் தூரம் போனால் வழியிலேயே 16 வோல்ட் போய்விடும். சாயங்காலம் வீட்டுக்கு வருவதே 205 என்றால் மிஷினுக்குக் கிடைப்பது 190க்குக் கீழே. இந்த இண்டக்‌ஷன் மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். 230க்குப் பதில் 190 கிடைத்தால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. போனதை ஈடுகட்ட மோட்டார் கரண்டைக் கூடுதலாக இழுக்கும், சூடாகும், கருகும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் நஷ்டம் ஐந்து வோல்ட்டுக்குள் அடங்கும். டீச்சர் வீட்டில் கேபிளையும் 16 ஆம்பியர் பிளக்கையும்தான் மாற்றச் சொன்னேன். கிரைண்டருக்கு இருக்கிற பெரிய பிளக் பாயிண்ட், எர்த் சரியாக உள்ள லைன், கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டிவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டு மெயினில், இந்த மூன்றும் இல்லாமல் ஈரத் தரையில் இந்த மிஷினை ஓட்டாதீர்கள். சுருட்டி வைத்த ஒயரை முழுதாக விரித்துவிட்டு ஓட்டுங்கள், சுருளாகவே விட்டால் உள்ளே வெந்துவிடும். முடிந்தால் காலை நேரம். எங்கள் பக்கம் வோல்டேஜும் நன்றாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

கரண்ட் பில்லைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் ஓட்டினாலும் இரண்டு, இரண்டரை யூனிட்தான்.

ஓட்டுகிற விதத்துக்கு வருகிறேன். வெட்டின கொப்பைப் பச்சையாக இருக்கும்போதே அரைத்துவிடுங்கள். காய்ந்தால் கொஞ்சம் கனம் குறையுமே என்று வெயிலில் போட்டு வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். முருங்கைக்கு அது சரி, தக்கையாகிவிடும். வேம்பும் கொய்யாவும் புளியும் காயக் காய இரும்பாகும். 45 மி.மீ. என்று கம்பெனி சொல்வது பச்சையான மெது மரத்துக்கு. காய்ந்த கொய்யாவுக்கு அதில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். கவட்டை உள்ள இடத்தில் அரிவாளால் ஒரு வெட்டு வெட்டி நேராக்கிக்கொண்டால் வாயில் மாட்டாது. அடிப்பக்கத்தை முதலில் கொடுங்கள், நுனி பின்னால் வரட்டும். ரெண்டு கைக் குழை போட்டால் அடுத்து ஒரு குச்சி. உள்ளே தங்கிய குழையை அந்தக் குச்சி தள்ளிக்கொண்டு போகும்.

ஆடியில் மலைப்பக்கமிருந்து அடிக்கிற காற்றுக்கு முருங்கை ஒடிந்து விழாத வருஷம் கிடையாது. முருங்கைக் கொப்பு உருளையில் போகிற சத்தமே தனி, சதக் சதக் என்று ஈரமாகப் போகும். ஆனால் பட்டை உரிந்து நூலாகத் தொங்கும். செம்பருத்தியும் பூவரசும் இன்னும் மோசம், இரண்டுக்கும் பட்டை முழுக்க நார்தான். வெளியே துண்டுகள் மாலையாகக் கோத்துக்கொண்டு வந்தால் உருளைக்கும் தட்டுக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். மிஷினை ஓடவிட்டு, வாயில் ஒன்றும் போடாமல், திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் திருப்ப வேண்டும். முதலில் ஒரு உரசல் சத்தம், அப்புறம் கீழே ஜிகினாத் தூள் மாதிரி அலுமினியச் சீவல் ரெண்டு பொட்டு விழும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நன்றாக அரையட்டும் என்று மேலும் முறுக்கினால் அந்தத் தட்டைத்தான் அரைத்துக்கொண்டிருப்பீர்கள். மாற்றுத் தட்டு நம் ஊரில் உடனே கிடைக்காது, வரவழைக்க வேண்டும். வாங்கும்போதே தட்டும் பிளேடும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

வேகமான வகையில் பிளேடு பெரும்பாலும் இரண்டு பக்கமும் கூர் உள்ளது. ஒரு பக்கம் மழுங்கினால் கழற்றித் திருப்பி மாட்டலாம். இரண்டும் போனால் சாணை பிடிக்கலாம், ஆனால் இரண்டு பிளேடையும் ஒரே அளவுக்குத் தேய்க்கச் சொல்லுங்கள். ஒன்று எடை குறைந்தால் மிஷின் உதறும், பேரிங் போகும்.

போடக் கூடாதவை என்று சில உண்டு. வாழை: நாரில் பூக் கட்டுகிற ஊரில் இருந்துகொண்டு வாழைத்தண்டை உருளையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரளி: இலை, பட்டை, பால் எல்லாமே விஷம், தூளாக்கிக் காற்றில் பறக்கவிடாதீர்கள், ஆடு மாடு மேய்கிற இடத்தில் அந்தத் தூளைக் கொட்டவும் செய்யாதீர்கள். எருக்கும் கள்ளியும்: அந்தப் பால் கண்ணில் தெறித்தால் கருவிழியையே கெடுக்கும். வேலியில் இருந்து பிடுங்கின கொப்பென்றால் கட்டுக்கம்பி சுற்றியிருக்கிறதா என்று ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள். ஆணி, கம்பி, வேரோடு வந்த கல், மூன்றும் பிளேடுக்கு எமன்.

கண்ணாடி கட்டாயம். கையுறை இருக்கட்டும், ஆனால் மணிக்கட்டில் தொளதொளவென்று இருக்கக் கூடாது. உருளை மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று ஒரு தைரியம் வரும். அது கொப்பை இழுப்பது போலத்தான் துண்டையும் சேலைத் தலைப்பையும் கையையும் இழுக்கும். வேட்டி, லுங்கியோடு நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அடைத்துக்கொண்டால் பிளக்கையே உருவிவிட்டு, சுற்றுவது நின்ற பிறகு, குச்சியால் நோண்டுங்கள். மூடியைத் திறந்தால் மோட்டார் ஓடாதபடி உள்ளே ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். அதை டேப் போட்டு ஒட்டிவிட்டு ஓட்டின மிஷின் ஒன்று கடைக்கு வந்தது. நான் செய்த முதல் வேலை டேப்பைக் கிழித்தது. பழைய குவியல் என்றால் ஒரு கம்பால் புரட்டிவிட்டு, பத்து நிமிடம் கழித்து எடுங்கள். பூரான், தேள், ஓணான், சில சமயம் கட்டுவிரியனும் இருக்கும்.

அரைத்ததை என்ன செய்வது? சருகு வாரித் தீ வைப்பதற்குப் பதிலாகத்தானே இத்தனை பாடும். திடக்கழிவு விதிகளின்படி தெருவிலோ பொது இடத்திலோ குப்பையை எரிக்கக் கூடாது, தோட்டக் கழிவை வீட்டுக்குள்ளேயே தனியாக வைக்க வேண்டும். விதி கிடக்கட்டும், அந்தப் புகை முதலில் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறவர்களுக்குத்தானே.

எங்கள் வீட்டில் கொப்புச் சில்லை மா, கொய்யா மூட்டில் மூன்று அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் போடுகிறோம். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளி. சித்திரை வெயிலில் சில்லை விலக்கிப் பார்த்தால் கீழே மண் ஈரமாக இருக்கும், பக்கத்தில் மூடாத இடம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். தண்ணீர் விடுகிற வேலை பாதியாகக் குறைந்தது என்பது வீட்டம்மாவின் கணக்கு. ஆனால் செம்மண் பூமியில் கரையான் வரும். வீட்டுச் சுவர், மரத் தூண், விறகு அடுக்கு, இவற்றின் பக்கம் சில்லைக் கொட்டாதீர்கள்.

உரக்குழியில் போடுவதானால் வெறும் கொப்புத் தூளைப் போட்டுவிட்டு உரம் ஆகவில்லை என்று சொல்லக் கூடாது. மட்குவதற்கு கார்பனும் நைட்ரஜனும் 30க்கு 1 என்ற கணக்கில் இருந்தால் நல்லது. மரச்சில்லில் அது நூறு, இருநூறைத் தாண்டும். சாணிக் கரைசல், முருங்கைக் குழை, அடுப்படிக் காய்கறிக் கழிவு, ஏதாவது பச்சையைச் சேர்த்தால்தான் சூடு பிடிக்கும். பச்சைத் தூளை மண்ணோடு கொத்திப் புதைத்தால் செடி வெளிறிப்போகும், மட்குவதற்கான நைட்ரஜனைச் செடியிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். மேலே பரப்பினால் அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

வேப்பங்கொப்பு அரைக்கிற அன்று வீடு முழுக்கக் கசப்பு வாடை தொண்டையில் நிற்கும். கறிவேப்பிலைக் கொப்பு என்றால் தெருவில் போகிறவர்கள் என்ன சமையல் என்று கேட்பார்கள்.

கடைசியாக, வாங்குகிற கணக்கு. ஒரு வீட்டுக்கு இந்த மிஷின் வருஷத்தில் பெரும்பாலான நாள் சும்மாதான் கிடக்கும். கவாத்துப் பண்ணுகிற சமயம், ஆடிக்காற்று முடிந்த பிறகு, ஐப்பசி மழைக்கு முன்னால், அவ்வளவுதான். அண்ணன் தம்பி, பக்கத்து வீடு என்று மூன்று குடும்பம் சேர்ந்து மெதுவான வகையில் நல்லதாக ஒன்று வாங்குவது, தனித்தனியாக மலிவு மிஷின் மூன்று வாங்குவதைவிட நல்லது. சேர்ந்து வாங்கினால் கேபிளும் மிஷினோடு சேர்ந்தே ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மிஷின் பொது, ஒயர் அவரவர் வீட்டில் இருப்பது என்று வைத்தால் மூன்றாவது வீட்டில் சீரியல் பல்பு ஒயரில்தான் அது ஓடும். யார் வீட்டில் ஓடும்போது கெட்டதோ அவர்தான் ரிப்பேர் பண்ண வேண்டும் என்ற பேச்சும் வேண்டாம். செலவு மூன்றாகப் பிரியட்டும், இல்லையென்றால் என் கடை வாசலில் வந்து நின்று சண்டை போடுகிறார்கள்.